மாட்டுக் கொட்டகையும் ரோஸ் கலர் பூனையும்

லண்டனில் ஐந்து நாள் ஆபீஸ் வேலை. நடுவே ஒரு சனிக்கிழமை ஓசியில் கிடைத்தது. "மெழுகு மியூசியம் போய் அமிதாப் பச்சனோட ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடுங்க" என்று வீட்டிலிருந்து உத்தரவு. நான் போனதோ ஒரு பூனையைப் பார்க்க. அதுவும் பஞ்சடைத்த பூனை!

காரணம் இருக்கிறது, சார். சிரிக்கக் கூடாது.

என் ஆறு வயசுப் பெண்ணுக்கு ஒரு கார்ட்டூன் படம் எடுத்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். களிமண் எலி ஒன்று. அது சாப்பாட்டு மேஜையிலிருந்து இறங்கி, நாற்காலி வழியாக வீட்டுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் கதை. எலியைத் துளி நகர்த்து, செல்போனில் ஒரு போட்டோ எடு. மறுபடி நகர்த்து, மறுபடி எடு. ஒரு வினாடிப் படத்துக்குப் பன்னிரண்டு போட்டோ. மூன்று ஞாயிற்றுக்கிழமை முதுகொடிந்து நூற்றெட்டு போட்டோ எடுத்தேன். அர்ச்சனை மாதிரி! ஓட்டிப் பார்த்தால் ஒன்பதே வினாடி. நான்காவது ஞாயிறு ஃபேனை அணைக்க மறந்தேன். பின்னால் சாத்தி வைத்திருந்த அட்டை வீடு பறந்து எலியின் மேல் விழ, வால் போச்சு. எலி நாற்காலியிலேயே நின்றுவிட்டது. "அப்பா, எலி எப்ப வீட்டுக்குப் போகும்?" என்று ராத்திரி ராத்திரி கேள்வி.

அதனால்தான் 2019 ஜூனில், செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷனில் கான்டர்பரிக்கு ரயில் ஏறினேன். ஒரு மணி நேரப் பயணம். டிக்கெட் விலையை மட்டும் ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். நான் பார்த்துவிட்டு, ஆஷ்ஃபோர்டு வரை ஜன்னலையே வெறித்துக்கொண்டு வந்தேன்.

கான்டர்பரி கோயில் ஊர். 1170-ல் தாமஸ் பெக்கெட் என்கிற ஆர்ச்பிஷப்பை அங்கே கதீட்ரலுக்குள்ளேயே வெட்டிப் போட்டார்கள். அதன் பிறகு யாத்திரைக் கூட்டம் அலைமோதியது. அந்தக் கூட்டத்தை வைத்துக் கதை பண்ணி சாஸர் அமரரானார். நான் வாசலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஹை ஸ்ட்ரீட் பக்கம் திரும்பினேன். என் சாமி இருந்தது 'பீனி' என்ற மியூசியத்தில். அனுமதி இலவசம் (அப்பாடா!).

கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது பேக்பஸ். தொளதொளவென்று தொந்தி, ரோஸும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட உடம்பு. 1974-ல் பி.பி.சி.யில் வந்த பதின்மூன்றே எபிசோடுகளின் ஹீரோ. 1999-ல், பி.பி.சி.யின் குழந்தைகள் நிகழ்ச்சிகளில் உங்களுக்குப் பிடித்தது எது என்று ஜனங்களைக் கேட்டபோது முதலிடம் இதற்குத்தான். இத்தனைக்கும் இது ஆரஞ்சுப் பூனையாகப் பிறந்திருக்க வேண்டியது. துணிக்குச் சாயம் போட்டவர்கள் தப்பு செய்து ரோஸாக்கிவிட்டார்கள். வேறு யாராவதாக இருந்தால் துணியைத் திருப்பியனுப்பிச் சண்டை போட்டிருப்பார்கள். இவர்கள் இதுவே நன்றாயிருக்கிறது என்று வைத்துக்கொண்டார்கள்.

'இவர்கள்' மொத்தம் இரண்டே பேர். ஆலிவர் போஸ்ட்கேட், பீட்டர் ஃபர்மின். போஸ்ட்கேட் ஒரு தனியார் டி.வி. கம்பெனியில் ஸ்டேஜ் மேனேஜர். நம்மைப் போல் மாசச் சம்பளம். அங்கே குழந்தைகளுக்காக, காந்தத்தை இழுத்துப் பொம்மை எலியை நகர்த்தும் நேரடி நிகழ்ச்சி ஒன்று நடத்தினார் (அங்கேயும் எலி!). படம் வரைய ஆள் தேடி ஓவியக் கல்லூரிக்குப் போனபோது அகப்பட்டவர்தான் அங்கே வாத்தியாராக இருந்த ஃபர்மின். நேரடி ஒளிபரப்பு அவஸ்தையே வேண்டாம், ஒவ்வொரு ஃப்ரேமாகப் படம் பிடித்து நாமே எடுத்துவிடலாம் என்று 'ஸ்மால்ஃபிலிம்ஸ்' ஆரம்பித்தார்கள். 1959-ல் 'ஐவர் தி எஞ்சின்'. அட்டையில் வெட்டிய ரயிலைக் கையாலேயே நகர்த்தி எடுத்த படம்.

ஸ்டுடியோ? கான்டர்பரிக்கு வெளியே பிளீன் கிராமத்தில், ஃபர்மின் வீட்டுப் பண்ணையில் இருந்த பழைய மாட்டுக் கொட்டகை! 16 எம்.எம். கேமரா, ஒவ்வொரு ஃப்ரேமாகக் கிளிக் செய்ய வீட்டிலேயே செய்த கருவி. கதை, குரல், கேமரா, பொம்மையை நகர்த்துவது எல்லாம் போஸ்ட்கேட். படம் வரைவது, பொம்மை செய்வது ஃபர்மின். ஒரு நாளைக்கு இரண்டு நிமிஷப் படம் எடுப்பார்களாம். மற்ற ஸ்டுடியோக்களைப் போல் பத்து மடங்கு. எனக்கு மூன்று ஞாயிறுக்கு ஒன்பது வினாடி என்பதை மறுபடி ஞாபகப்படுத்த வேண்டாம், ப்ளீஸ்.

மனிதன் நிலவில் கால் வைத்த அதே 1969-ல் வந்தது 'கிளாங்கர்ஸ்'. குட்டி கிரகத்தில் வாழும் ரோஸ் கலர் ஜந்துக்கள். கம்பளி நூலில் அவற்றைப் பின்னிக் கொடுத்தவர் ஃபர்மினின் மனைவி ஜோன். அவை பேசுவது விசில் பாஷை. ஆனால் வசனத்தை முதலில் ஒழுங்காக இங்கிலீஷில் எழுதிவிட்டு, அப்புறம் அதே ஏற்ற இறக்கத்தில் ஊதினார்கள். ஒரு காட்சியில் கதவு மாட்டிக்கொள்ள, எழுதியிருந்த வசனத்தில் ஒரு கெட்ட வார்த்தை. குழந்தைகள் நிகழ்ச்சியில் இதெல்லாம் கூடாது என்று பி.பி.சி.யிலிருந்து ஆட்சேபம் வந்ததாம். விசிலுக்கு சென்சார்! போஸ்ட்கேட் சொன்ன கதை இது.

கண்ணாடி முன்னால் நின்றபடி வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே சாயந்திரம்.

"என்னப்பா, பூனை தூங்குதா?"

"கொஞ்சம் டயர்டா இருக்குடா கண்ணு."

"நம்ம எலி இன்னும் நாற்காலி மேலயே நிக்குதுப்பா. பாவம்."

மேலே பேச்சு வரவில்லை.

விட்ஸ்டபிள் போகிற பஸ் பிடித்துப் பிளீனுக்குப் போனேன். வழியில் குன்றின் மேல் கென்ட் பல்கலைக்கழகம். 1987-ல் போஸ்ட்கேட்டுக்குக் கௌரவ டிகிரி கொடுத்த இடம். டிகிரி உண்மையில் பேக்பஸ்ஸுக்குத்தான் என்று சொல்லிவிட்டார் மனுஷன். பூனைக்கும் பட்டமளிப்பு அங்கி மாட்டிவிட்டார்கள்.

பிளீனில் பார்க்க ஒன்றும் இல்லை. வேலி, மரங்கள், சாலை. பஸ் ஸ்டாப்பில் ஒரு பாட்டியம்மா. கொட்டகையைப் பற்றிக் கேட்டேன். "அது ஒரு குடும்பம் இருக்கிற வீடாச்சே" என்றார், கண்டிப்பாக ஆனால் சிரித்தபடி. நியாயம்தான். போஸ்ட்கேட் 2008-லும், ஃபர்மின் 2018-லும் போய்விட்டார்கள். துக்க வீட்டு வேலிமேல் எட்டிப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? எதிர்ப்பக்கம் நின்று அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். கால் மணி நேரம் அந்தக் காற்றைக் குடித்ததோடு சரி.

ரயிலுக்கு நேரம் இருந்தது. ஒரு கடையில் ரோஸ் கலர் கம்பளி நூல் உருண்டை ஒன்று வாங்கினேன். களிமண் எலிக்கு வால் ஒட்டினால் நிற்கவில்லை. நூல் எலியென்றால் விழுந்தாலும் உடையாது பாருங்கள். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"அமிதாப் பச்சன்?"

"அது... நேரமாயிடுச்சு."

"சரி, நூலை யார் பின்னப் போறது? நானா?"

"சேச்சே! நானே கத்துக்கிட்டு..."

சற்று நேரம் மௌனம்.

"முதல்ல ஃபேனை ஆஃப் பண்ணக் கத்துக்குங்க" என்றாள்.