ரத்தச் சீட்டை வாசிக்கக் கற்றுக்கொண்டோம்

கான்சாபுரத்தில் காலனிப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய்வந்த நாட்கள் அவை. ஒருநாள் நடவு வயலில் மயங்கி விழுந்த ஓர் அக்காவைத் தூக்கிவந்து திண்ணையில் படுக்கவைத்திருந்தார்கள். தெளிந்து எழுந்ததும் உள்ளே போய், அரிசி டின்னுக்கு அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துவந்து எங்களிடம் நீட்டினார்.

"இதுல என்ன போட்டிருக்குன்னு பாருங்க தம்பி. ரத்தம் கம்மி, நல்லா சாப்பிடும்மான்னு மட்டும்தான் சொன்னாக."

நான்கு மாதத்துக்கு முந்தைய ரத்த எண்ணிக்கைச் சோதனை முடிவு அது. எங்களில் மூன்று பேர் பட்டதாரிகள், ஒருவர் சட்டம் படிக்கிறவர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். அந்தக் காகிதத்தில் ஒரு வரி எங்களுக்கு விளங்கவில்லை. வெட்கமாக இருந்தது. உரிமை பற்றி மேடையில் பேசுகிற எங்களுக்கு, எங்கள் சொந்த அக்காவின் உடம்பைப் பற்றி எழுதியிருந்ததை வாசிக்கத் தெரியவில்லை.

அன்று இரவே, லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கும் ஒரு தோழரை அழைத்து உட்காரவைத்தோம். அவர் சொல்லித்தந்ததை உங்களுக்கும் சொல்கிறோம்.

முதல் வரி ஹீமோகுளோபின். மூச்சில் வரும் ஆக்சிஜனை உடம்பு முழுக்கச் சுமந்துபோகும் பொருள். பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13, கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 8-க்குக் கீழே போனால் அது கடுமையான ரத்தசோகை. அக்காவுக்கு இருந்தது 7.4. "ரத்தம் கம்மி" என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடக்கூடிய விஷயமா அது?

அடுத்தது எம்.சி.வி. சிவப்பணு ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது என்பதன் சராசரி. 80 முதல் 100 வரை இருக்க வேண்டும். குறைந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு, சிலருக்குப் பரம்பரையாக வரும் தலசீமியா. கூடினால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவாக இருக்கலாம். அதாவது ரத்தம் குறைவு என்பதை மட்டுமல்ல, ஏன் குறைவு என்பதற்கான தடயத்தையும் அதே காகிதம் தருகிறது. அக்காவுக்கு 66.

வெள்ளை அணுக்கள் 4,000 முதல் 11,000 வரை. தொற்று வந்தால் பொதுவாகக் கூடும், சில காய்ச்சல்களில் குறையும். தட்டணுக்கள் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை. டெங்கு வந்தால் இறங்குவது இதுதான். லேபுக்கு லேப் அளவு கொஞ்சம் மாறும், அதனால் சீட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவோடு ஒப்பிட வேண்டும்.

வெள்ளை அணுக்களில் ஒரு வகை இயோசினோஃபில். ஆறு சதவீதத்துக்குள் இருக்க வேண்டியது அக்காவுக்கு 14 இருந்தது. "அலர்ஜியிலும் கூடும். வயற்காட்டில் வெறுங்காலோடு நிற்கிறவர் என்றால் கொக்கிப் புழுவா என்று பார்க்கணும்" என்றார் தோழர்.

அங்கே நாங்கள் மௌனமானோம். கொக்கிப் புழுவின் குஞ்சு, மலம் கலந்த ஈர மண்ணிலிருந்து வெறும் பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே வருகிறது. குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சுகிறது. தெற்குச் சீமையில் எங்கள் பாட்டன் பூட்டன்கள் ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள். கழிப்பறை கடைசியாக வந்து சேர்ந்ததும் எங்கள் தெருவுக்குத்தான். சாதி மனதில் மட்டும் இருக்கிறது என்று யாராவது சொன்னால், இந்தச் சீட்டைக் காட்டத் தோன்றுகிறது.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் இந்திய அளவில் 57 சதவீதம் பேருக்கும், தமிழ்நாட்டில் 53 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. இந்திய அளவில் தலித், பழங்குடிப் பெண்களிடம் இது சராசரியைவிடக் கூடுதல். "நல்லா சாப்பிடு" என்கிறார்கள். உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும் இரும்புச்சத்து ஈரலிலும் ஆட்டு ரத்தத்திலும் மாட்டுக்கறியிலும் இருக்கிறது. அதைச் சாப்பிட்டதற்குத்தான் எங்களைக் கேவலமாகப் பார்த்தார்கள்.

அக்காவை மறுபடி மருத்துவரிடம் அழைத்துப்போனோம். இந்த முறை கையில் கேள்விகள் இருந்தன. மாதவிடாயில் அதிகம் போகிறதா என்று அப்போதுதான் அவரிடம் முதன்முதலாகக் கேட்டார்கள். பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். முன்பே ஒருமுறை கொடுத்த மாத்திரையை அக்கா பாதியில் நிறுத்தியிருந்தார். மலம் கறுப்பாகப் போனதால் பயந்துவிட்டாராம். அது மாத்திரையால் வரும் நிறம், பயப்பட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. டீயோடு சேர்த்துப் போட்டால் சத்து சரியாகச் சேராது என்பதையும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து எடுத்தபோது 10.6. இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கிறது. அளவு சரியான பிறகும் சில மாதம் மாத்திரையைத் தொடர வேண்டும்.

முடிவைச் சொல்லாமல் விடுவது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு நம் விருதுநகர் மாவட்டமே சாட்சி. 2018 டிசம்பரில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகை இருந்த ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. கொடுத்த இளைஞருக்குத் தனக்குத் தொற்று இருப்பதே தெரியாது. வெளிநாட்டு வேலைக்கான சோதனையில் தெரிந்ததும் தானாக முன்வந்து சொன்னவர் அவர்தான். சில நாட்களில் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. பணம் எதைத் திருப்பித் தரும்?

தோழர்களே, நாம் மருத்துவர்கள் அல்ல. சீட்டைப் பார்த்து மருந்து சொல்வது நம் வேலையல்ல, அது ஆபத்தும்கூட. ஆனால் எந்த எண் குறைகிறது, ஏன் குறைகிறது, அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று மருத்துவரிடம் கேட்கலாம். பழைய சீட்டுகளைத் தேதி வாரியாக எடுத்து வைக்கலாம். உங்கள் தெருவிலும் ஏதோ ஒரு அரிசி டின்னுக்கு அடியில் ஒரு காகிதம் மடிந்து கிடக்கும். இந்த வாரம் உங்கள் அம்மாவின் சீட்டை எடுத்து விரித்துப் பாருங்கள்.