நாற்பது வளைவுகள்

கோடை விடுமுறை வந்தால் உபாத்தியாயர் வீட்டில், "எங்கே போவது?" என்ற பிரச்னை தானாகவே முளைத்துவிடும். இம்முறை நம் வீட்டுப் பெரும்பான்மை வால்பாறைக்கு வாக்களித்தது. பொள்ளாச்சியில் ஒரு வாடகை மோட்டாரை அமர்த்திக்கொண்டு விடியற்காலையில் புறப்பட்டோம். தூரம் என்னவோ 64 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன.

ஆழியாறு வரையில் தென்னந்தோப்புகளும் வாய்க்கால்களும் சாதுவாக நம்முடன் வந்தன. வனத்துறைச் சாவடியில் மூட்டைகளைச் சோதித்து, பிளாஸ்டிக் பைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நம் இல்லத்தரசியார் முறுக்குக் கட்டி வந்த பையும் அதில் போயிற்று; முறுக்கு மட்டும் தப்பியது.

அதன் பிறகு பாதை செங்குத்தாக ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் இலக்கமிட்ட பலகை ஒன்று நிற்கிறது. நம் புதல்வன் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணிக்கொண்டு வந்தான். ஐந்தாவது வளைவில் அவன் தங்கைக்குத் தலை சுற்றிற்று. எலுமிச்சம்பழம் கைமாறியது. எண்ணுவது மட்டும் நிற்கவில்லை.

ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தாமல் போகிறவர்கள் ரஸனையற்றவர்கள் என்றே சொல்லவேண்டும். கீழே ஆழியாறு நீர்த்தேக்கம், கழுவி வைத்த ஸ்லேட்டுப் பலகையைப் போல் கிடந்தது. அதற்கப்பால் தென்னைகளின் பசுமை, பிறகு வெயிலில் கரைந்துபோன சமவெளி. தலைக்கு மேலே, மனிதன் நிற்கவும் அஞ்சும் பாறை விளிம்பில் நான்கைந்து வரையாடுகள் நிதானமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தன. நமது ராஜ்யத்தின் விலங்கு என்ற பட்டம் பெற்றவை அவை. அப்பட்டத்துக்கு மரியாதை செய்வதாக எண்ணினார் போலும், பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் பிஸ்கோத்தை நீட்டிக் கூப்பிட்டார். ஆடுகள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

இந்த இடத்துக்கு 'லோம்ஸ் வியூ' என்று பெயர். பாதை போட்ட ஆங்கிலப் பொறியாளரின் நினைவாக வைத்ததாம். "அப்போது கல் உடைத்தவர்கள் பெயர் எந்த வளைவில் இருக்கிறது?" என்று புதல்வன் கேட்டான். வகுப்பில் இப்படிக் கேட்டிருந்தால் உட்காரச் சொல்லியிருப்போம்! நாம் விழித்ததைக் கண்டு, மலையிலேயே பிறந்து வளர்ந்த நம் மோட்டாரோட்டி துணைக்கு வந்தார்.

"எங்க பாட்டி எட்டு வயசுல இந்த வழியா நடந்தே ஏறுனவங்க, சார். கங்காணிகிட்ட அவங்க அப்பா முன்பணம் வாங்கிட்டாரு. குடும்பத்தோட வந்துட்டாங்க."

"எத்தனை வளைவு என்று அவர்கள் எண்ணினார்களா?"

"பலகை ஏது தம்பி அப்போ? அடுத்த தண்ணி எங்கே இருக்குன்னுதான் எண்ணுவாங்களாம்."

அது சுமார் நூறு வருஷங்களுக்கு முந்திய கதை. முன்பணம் வாங்கிய கூலி வேலையை விட்டு ஓடினால் சிறைக்கு அனுப்ப 1859-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இடம் கொடுத்தது. 1925-இல்தான் அது ரத்தாயிற்று. ஏறி வருவதற்குப் பாதை இருந்தது. இறங்கிப் போவதற்குத்தான் வழி இல்லை. இவ்விவரம் நமக்குப் புத்தகத்தில் தெரிந்ததுதான். ஆனால் அந்தப் பெண்ணின் பேரன் ஓட்டுகிற வண்டியில், மெத்தை ஆசனத்தில் சாய்ந்துகொண்டு கேட்பது வேறு.

அட்டகட்டியைத் தாண்டியதும் அடர்ந்த சோலைகள் வந்தன, பிறகு தேயிலை. குன்றுக்குக் குன்று, சீப்பால் வாரிவிட்டது போன்ற பச்சை. முன்னொரு காலத்தில் இவையெல்லாம் காடாக இருந்தவை. மிஞ்சிய சோலைத் துண்டுகளில் சிங்கவால் குரங்குகள் வசிக்கின்றன. அவை வண்டிச் சக்கரத்தில் அகப்படாமல் சாலையைக் கடப்பதற்கு மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். வால்பாறைக் கடைத்தெருவில் சாப்பிட்டதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மாலையில் இறங்கும்போது மூடுபனி பாதி வளைவுகளை விழுங்கிவிட்டது. புதல்வன் எண்ணவில்லை. ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டு, பாறை இடுக்கில் நீர் கசிகிற இடம் வந்தபோதெல்லாம், "இங்கேயா?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். "இங்கேயும் இருக்கலாம், தம்பி" என்றார் மோட்டாரோட்டி. சாவடிக்கு வந்தபோது இருட்டிவிட்டது.