நீர் வற்றிய நாளில்

சொந்த ஊரின் பெருமையை அறிந்துகொள்வதற்கும் ஒரு வேளை வரவேண்டும் போலும். எனக்கு அந்த வேளை ஐம்பது வயதைக் கடந்த பின்னரே வாய்த்தது. அதுவும் என் மகளின் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றின் மூலமாக வாய்த்தது.

"உமது சொந்த ஊருக்கு அருகிலுள்ள பழைமை வாய்ந்த இடங்களைப் பற்றி எழுதுக" என்று அவளுடைய ஆசிரியை பணித்திருந்தார். யாழ்ப்பாணத்துத் தோழி நல்லூரைப் பற்றி எழுதினாளாம். அநுராதபுரத்தைச் சேர்ந்தவளுக்கோ கொப்பியில் இடம் போதவில்லையாம். என் மகள் என்னிடம் வந்து, "அப்பா, நம் தோட்டத்தில் பழைய இடம் எது?" என்று கேட்டாள்.

"மஸ்கெலியாவில் என்ன இருக்கிறது? தேயிலைதான் இருக்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று எழுது" என்று கூறிவிட்டு நான் பத்திரிகையில் ஆழ்ந்துவிட்டேன்.

அவள் அத்துடன் விடவில்லை. தொலைபேசியில் தன் அப்பாயியிடம் அதே கேள்வியைக் கேட்டுவிட்டாள். சிறிது நேரத்தில் தொலைபேசி என் கைக்கு வந்தது. "ஏந் தம்பி, புள்ளைக்கிட்ட ஒண்ணுமில்லேன்னா சொன்ன? மாசி வெயில்ல தண்ணி வத்திப்போச்சு. பழைய டவுன் கோயில் வெளியே தெரியுது. புள்ளையக் கூட்டிக்கிட்டு வா" என்றார் என் தாயார். அந்தக் குரலில் இருந்த வருத்தம் எனக்கு விளங்கியது. பௌர்ணமி விடுமுறையோடு வார இறுதியும் சேர்ந்து வரவே, மறுவாரமே புறப்பட்டோம்.

நீரடியில் ஒரு நகரம்

கொழும்புக் கோட்டையில் புகைவண்டி ஏறினால், நாவலப்பிட்டியைத் தாண்டியதும் காற்றின் குணமே மாறிவிடும். 1885இல் நானுஓயா வரை எட்டிய இருப்புப் பாதை இது. ஹட்டனில் இறங்கி, டிக்கோயா, நோர்வூட் வழியாக பஸ்ஸில் சென்றோம். இருபுறமும் சீப்பால் வாரிவிட்டதைப் போன்ற தேயிலை மலைகள். அவற்றுக்கு மேலே, கோப்பித் துரைமாரின் கோடரிக்குத் தப்பிய கருங்காடு முகிலைப் போர்த்துக் கிடந்தது. அந்தச் சிகர வனமும் ஹோட்டன் சமவெளியும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் சேர்ந்து 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டதை மகளுக்குச் சொன்னேன். "அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, அப்பா" என்றாள். நான் மறுமொழி கூறவில்லை.

மவுசாகலை அணை 1969இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கிற்று. மக்கள் மேட்டு நிலத்தில் எழுந்த புதிய நகருக்குக் குடிபெயர்ந்தனர். அந்த நீரிலிருந்து பிறக்கும் மின்சாரம் நாட்டின் விளக்குகளை எரிக்கின்றது. அந்த ஆறு கெஹெல்கமு ஓயாவோடு கலந்து களனி கங்கையாகிக் கொழும்பு மக்களின் தாகத்தையும் தணிக்கின்றது. நான் கொழும்பில் நாள்தோறும் குடிக்கும் நீர் என் தாயாரின் நகரத்தைத் தடவிக்கொண்டு வருகிறது என்பதை அன்றுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது அந்நகரின் எச்சங்கள் வெளிப்படும். கோயில், விகாரை, பள்ளிவாசல் மூன்றின் சிதைவுகளும் ஒரே சேற்று வெளியில் நிற்கும். நாங்கள் சென்ற அன்று சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. எழுபத்தைந்து வயதான என் தாயார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வழி கேளாமல் நடந்தார். "இது துணிக்கடை. இங்கிட்டுத் தட்டார் கடை. இந்த முக்குலதான் பஸ் நிக்கும்" என்று வெற்றுத் தரையைச் சுட்டிக்காட்டிக்கொண்டே போனார். எங்கள் கண்ணுக்குச் சேறாகத் தெரிந்தது அவர் கண்ணுக்குக் கடைவீதியாகத் தெரிந்தது.

கோயிலின் இடிந்த சுவரருகே சென்றதும் நின்றார். குனிந்து, ஒரு கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இங்கனதான் உங்கப்பா எனக்குத் தாலி கட்டினாரு" என்றார்.

நான் திகைத்துப் போனேன். என் பெற்றோருக்குத் திருமணப் புகைப்படம் கிடையாது. மாலை எடுத்துக்கொடுத்த பெரிய மாமா, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு நீலகிரியில் காலமானார். என் தந்தையாரும் இன்றில்லை. அந்தத் திருமணத்துக்கு எஞ்சிய சாட்சி அந்தக் கல் ஒன்றுதான். அதுவும் மழைக்காலம் வந்தால் நீருக்குள் போய்விடும். எங்கே திருமணம் நடந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவரும் தாமாகச் சொன்னதில்லை.

"சாமிய மேல கொண்டு போயிட்டாங்க, ஆத்தா. எடத்தக் கொண்டு போக முடியுமா?" என்று பேத்தியிடம் கூறிவிட்டு, அவர் முந்தானையில் முடிந்து வந்த கற்பூரத்தை அங்கே ஏற்றினார்.

மணியின் கணக்கு

மறுநாள் இரவு நானும் மகளும் நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலைக்கு ஏறினோம். 2,243 மீற்றர் உயரமான அம்மலையின் உச்சியிலுள்ள பாதச் சுவட்டைச் சைவர் சிவபெருமானுடையது என்பர்; பௌத்தர் புத்தபிரானுடையது என்பர்; இஸ்லாமியர் ஆதி மனிதர் ஆதமுடையது என்பர். 1344இல் இப்னு பதூதா என்னும் பயணி இம்மலையில் ஏறிச் சங்கிலிகளைப் பற்றிக் குறித்து வைத்தார். 1055 முதல் 1110 வரை ஆண்ட முதலாம் விஜயபாகு மன்னன், இங்கு வரும் யாத்திரிகருக்குச் செய்த ஏற்பாடுகளை அம்பகமுவக் கற்சாசனத்தில் பொறித்தான். அந்த அம்பகமுவவோ எங்கள் ஊருக்குப் போகும் வட்டாரத்திலேயே உள்ளது. "ஒன்றுமில்லை" என்று நான் சொன்ன ஊரைத் தேடி உலகம் ஆயிரம் ஆண்டுகளாக வந்துகொண்டிருந்திருக்கிறது!

படிகளில் எங்களுக்கு முன்னே ஒரு சிங்களக் கிழவி, பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மூச்சு வாங்க நின்ற என் மகளுக்குக் கற்கண்டுத் துண்டு ஒன்றை நீட்டினார். அவர் மொழி இவளுக்கு அரைகுறை. இவள் மொழி அவருக்குத் தெரியாது. கற்கண்டுக்கு மொழி வேண்டியிருக்கவில்லை.

வைகறையில் சூரியன் எழுந்தபோது, மலையின் முக்கோண நிழல் மேற்குப் பக்கத்து முகில்களின்மேல் விழுந்து கிடந்தது. மகாரத்மல் மரங்கள் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தன. உச்சியில் ஒரு மணி உண்டு. எத்தனையாவது முறை ஏறினோமோ அத்தனை தடவை அதை அடிப்பது வழக்கம். என் தாயார் பதினொரு முறை ஏறியவர். "எனக்காக அடிக்காத தம்பி. ஒன் கணக்க நீ அடி" என்று சொல்லி அனுப்பியிருந்தார். மலையடியில் பிறந்து வளர்ந்த நான் இரண்டு முறை அடித்துவிட்டுக் கையை எடுத்தேன். என் மகள் ஒரு முறை அடித்தாள். அவள் முகத்தில் இருந்த பெருமை எனக்கு இருக்கவில்லை.

காமன் பொட்டல்

மூன்றாம் நாள் இரவு தோட்டத்தில் காமன் கூத்து. மாசி மாதத்தில் பிறை கண்டபின் கம்பம் ஊன்றித் தொடங்கும் இந்தக் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவற்றுடன் மலையகத்தின் பெருங்கூத்துக்களுள் ஒன்று. நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கொண்டுவந்த சொத்துக்களில் யாரும் பறிக்க முடியாமற்போனது இதுவே. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தவர்களுள் எத்தனையோ பேர் வழியிலேயே மாண்டனர். எஞ்சியவர்கள் தப்பையும் பாட்டையும் கைவிடாமல் வந்து சேர்ந்தார்கள். அவர்களை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் சென்றோரும் உண்டு.

தப்பு முழங்கியது. சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனை ரதி தடுத்தாள். அவன் கேட்கவில்லை. ரதி வேடம் கட்டியவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்யும் இளைஞர். நேர்த்திக்கடனுக்காக மூன்று நாள் லீவு போட்டு வந்தவர். காமன் எரிந்ததும் அவர் ஒப்பாரி வைக்கத் தொடங்கினார். பொட்டலைச் சுற்றியிருந்த பெண்கள் யாவரும் சேர்ந்து அழுதனர். என் தாயாரும் அழுதார். ரதிக்காக மட்டும் அழுதார் என்று நான் நினைக்கவில்லை.

மறுநாட் காலை இஸ்தோப்பில் அப்பாயியும் பேத்தியும் கொப்பியுடன் அமர்ந்திருந்தனர். தோட்டத்து ஆபீசில் மலைகளுக்கு நம்பர்கள் மட்டுமே உண்டு. ஆனால், கொழுந்தெடுத்தவர்கள் ஒவ்வொரு மலைக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பாம்பு கடித்து ஒருத்தி மாண்டது ஒரு மலை. பிரசவ வலி கண்டு ஒருத்தி கூடையை இறக்கியது இன்னொரு மலை. அப்பெயர்களை எந்தக் கல்லும் தாங்கவில்லை. அப்பாயி சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். பதினேழு பெயர்கள் தேறின. அவற்றுள் நான்குதான் எனக்குத் தெரிந்திருந்தன.

விடைபெறும்போது என் தாயார் பேத்தியின் கன்னத்தைத் தடவி, "அடுத்த தடவ தண்ணி வத்தறப்ப நான் இருப்பனோ என்னமோ. அந்தக் கல்லு எங்க இருக்குன்னு அப்பாவுக்கு நீதான் காட்டணும்" என்றார்.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை நாளை இதே கேள்வியைக் கேட்டால், என்னைப் போல அவசரப்பட்டு "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்டுப் பாருங்கள். சித்திரையில் மழை பெய்து அணை நிரம்பிவிட்டதாகத் தாயார் தொலைபேசியில் சொன்னார். கல் நீருக்குள் போய்விட்டது. கொப்பி எங்கள் வீட்டில் இருக்கிறது.