ஏறுவதற்கு ஒரு வண்டி

வேன் வாங்கப்போகிறேன் என்றதும், "ஒனக்கெதுக்குடா வேனு, பைக்கு பத்தாதா?" என்று கேட்டது எங்கள் சனம்தான். பைக்கில் பறையை ஏற்றலாம், புத்தகக் கட்டை ஏற்றலாம். வலியில் துடிக்கிற பிள்ளைத்தாச்சியை எப்படி ஏற்றுவது?

எங்கள் பக்கத்தில் வாடகை வண்டிகள் எல்லாம் ஊர்த்தெருவில்தான் நிற்கின்றன. அவசரத்துக்குப் போய்க் கூப்பிட்டால், "சேரிக்குள்ள வண்டி திரும்பாதுப்பா" என்பார்கள். ஓட்டுக் கேட்டு வரும்போது அதே வண்டி நன்றாகவே திரும்புகிறது.

இது புதுக்கதை அல்ல. 1929இல் சாலிஸ்காவ்னில் பாபாசாகேபை ஏற்றிச்செல்லக் குதிரைவண்டிக்காரர்கள் மறுத்தார்கள். மகர் மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, ஓட்டிப் பழக்கமில்லாத தம் ஆள் ஒருவரை உட்காரவைத்தார்கள். பாலத்தில் சக்கரம் சிக்கியது. பாரிஸ்டர் படித்த மனிதர் கல்தரையில் தூக்கியெறியப்பட்டுக் கால் முறிந்தார். நம்மிடமும் உண்டு. 1997இல் விருதுநகரில் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது, அந்தப் பேருந்தில் ஏறமாட்டோம் என்றது சாதி. கலவரம் நடந்தது. கடைசியில் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் கழகங்களிலிருந்து அரசு எடுத்துவிட்டது. சாதிக்குப் பெயர்கூடத் தீட்டு.

சரி, எந்த வண்டி? அண்ணன் சொன்னார்: "குட்டி யானை எடு தம்பி. செங்கல் ஏத்தலாம், தக்காளி ஏத்தலாம், நாலு காசு பாக்கலாம். நம்ம சோலிக்கும் ஆச்சு." 2005இல் வந்த டாடா ஏஸ் அது. முக்கால் டன் இழுக்கும், சந்துக்குள் நுழையும். அண்ணன் கணக்கில் தப்பில்லை.

ஆனால் அதன் பின்னால் இருப்பது சரக்குத் தொட்டி. அறுப்புக்கும் கல்யாணத்துக்கும் மாநாட்டுக்கும் நம் சனம் காலங்காலமாக அதில்தான் நின்றுகொண்டு போகிறது. சட்டப்படி சரக்கு வண்டியில் ஆளேற்றக் கூடாது. கவிழ்ந்தால்? சரக்குக்குச் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ அல்லாமல் சும்மா ஏறிவந்தவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தக்காளிக்கூடையோடு வருகிறவருக்குக் கணக்கு உண்டு, கூடையில்லாமல் வருகிற கிழவிக்கு இல்லை. நான் வாங்கும் வண்டியிலும் நம் சனம் மூட்டையாகப் போகவேண்டுமா?

மிச்சம் மாருதி. ஆம்னி உற்பத்தி 2019இல் நின்றுபோனது. பழசு மலிவாகக் கிடைக்கும், ஆனால் தகரம் மெலிசு, மோதினால் முன்னால் இருப்பவன் காலுக்குக் காவலில்லை. ஈகோவிலும் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில்தான், உட்கார்ந்தால் சூடு தெரியும். ஆனாலும் பக்கக்கதவு இழுவைக்கதவு. குறுகின சந்திலும் நோயாளியைத் தாங்கி ஏற்றலாம். எல்லாருக்கும் இருக்கை உண்டு. வெள்ளைப் பலகை என்பதால் வாடகைக்கு விட முடியாது. வரும்படி இல்லை, தவணை மட்டும் உண்டு. அதைத் தெரிந்துதான் ஈகோவுக்கு முன்பணம் கட்டியிருக்கிறேன்.

அண்ணனுக்கு வருத்தம். "காசு வராத வண்டி எதுக்குடா?" என்கிறார். நம் சனம் உட்கார்ந்து போவதற்கு, அண்ணே.

வண்டி இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சாலிஸ்காவ்ன் சொல்கிறது. ஓட்டத் தெரியவேண்டும். நான் ஊரில் இல்லாத ராத்திரியிலும் வண்டி கிளம்பவேண்டும். எங்கள் தெருவில் இரண்டு பெண்பிள்ளைகள் எல்.எல்.ஆருக்கு எழுதிப்போட்டிருக்கிறார்கள். சாவி அவர்கள் வீட்டில்தான் தொங்கும்.