கடைசிக் கோடு

2018 நவம்பர் 16 அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னை மரங்கள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பல கிராமங்களுக்கு மறுபடி கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. செல்போன் கோபுரங்களும் தப்பவில்லை.

அன்று காலை வெளியூர்க் கல்லூரி விடுதிகளில் இருந்த டெல்டா மாவட்டத்துப் பிள்ளைகள் வீட்டுக்குத்தான் முதலில் போன் போட்டிருப்பார்கள். பலருக்குக் கிடைத்தது பதிவு செய்யப்பட்ட பெண்குரல் மட்டுமே. 'அணைத்து வைக்கப்பட்டுள்ளது' அல்லது 'தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்'. கோபுரம் சாய்ந்ததா, பேட்டரி தீர்ந்ததா, அல்லது வேறு ஏதாவது நடந்துவிட்டதா... அந்தக் குரலுக்குத் தெரியாது!

செல்போன் பேட்டரியைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் படம் பார்ப்பது, விளையாடுவது, ரயிலில் பொழுது போவது என்றுதான் போகும். ஆனால் பேட்டரியில் மிஞ்சியிருக்கும் கடைசிக் கோடு ஒரு தாயின் குரலாகவும் இருக்கக்கூடும். அந்தக் கோட்டைக் காப்பாற்ற, சார்ஜ் எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எவ்வளவு இருக்கிறது?

இன்றைய ஸ்மார்ட்போன்களில் 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி சாதாரணம். எண்ணைப் பார்த்தால் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் பேட்டரியின் மின்னழுத்தமான சுமார் 3.85 வோல்ட்டால் பெருக்கிப் பார்த்தால் கிடைப்பது 19 வாட் மணிதான். இதை வைத்து 75 வாட் மின்விசிறியைக் கால் மணி நேரம் சுற்ற வைக்கலாம். 9 வாட் எல்.இ.டி. பல்பு என்றால் இரண்டு மணி நேரம் எரியும். அவ்வளவுதான்!

சார்ஜ் ஏறும்போது ஆகும் விரயத்தையும் சேர்த்துக்கொண்டால்கூட ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறத்தாழ நாற்பது முறை ஒரு போனை நிரப்பலாம். கரண்ட் இருக்கும் நாளில் இதற்குக் காசு கணக்கே கிடையாது. கரண்ட் போன மூன்றாம் நாள் ஜெனரேட்டர் இருக்கும் இடத்தைத் தேடி அலையும்போதுதான் அதன் விலை புரிகிறது.

எங்கே போகிறது?

முதல் செலவாளி திரை. வெளிச்சத்தைக் குறைப்பதும், சில வினாடிகளில் திரை தானாக அணையும்படி வைப்பதும்தான் எளிதான, நிச்சயமான சேமிப்பு. 'டார்க் மோட்' எனப்படும் கறுப்புப் பின்னணியும் உதவும். ஆனால் அதற்குத் திரை ஓலெட் வகையாக இருக்க வேண்டும். அந்த வகையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. கறுப்பாக இருக்கும் புள்ளி அணைந்தே கிடக்கும். எல்.சி.டி. திரையில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருப்பதால், கறுப்பாகத் தெரிந்தாலும் செலவு பெரிதாகக் குறையாது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2021இல் ஓலெட் போன்களில் இதை அளந்து பார்த்தார்கள். முழு வெளிச்சத்தில் டார்க் மோட் சராசரியாக 39 முதல் 47 சதவீதம் வரை மிச்சம் பிடித்தது. 30 முதல் 50 சதவீத வெளிச்சத்தில் மிச்சம் வெறும் 3 முதல் 9 சதவீதம்தான். அதாவது நிறத்தை மாற்றுவதைவிட வெளிச்சத்தைக் குறைப்பதே முக்கியம்.

இரண்டாவது செலவாளி கண்ணுக்குத் தெரியாதது. அதுதான் சிக்னல். கோபுரம் அருகில் இருந்தால் போன் மெதுவாகப் பேசுகிறது. தூரத்தில் இருந்தால் கத்திப் பேச வேண்டியிருக்கிறது. கத்துவதற்குச் சக்தி வேண்டாமா? கோபுரமே இல்லை என்றால் போன் விடாமல் தேடிக்கொண்டே இருக்கும். சட்டைப் பையில் சும்மா கிடந்த போன் ஏன் சூடாக இருக்கிறது, ஏன் சார்ஜ் இறங்கியது என்று பேருந்துப் பயணத்தில் பலர் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து வருபவை இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ்., தொடர்ந்து ஓடும் வீடியோ, பின்னணியில் இயங்கும் செயலிகள். எந்தச் செயலி எவ்வளவு தின்றது என்று போனின் பேட்டரி அமைப்புப் பக்கத்திலேயே பட்டியல் இருக்கிறது. வீட்டுச் செலவுக்குக் கணக்கு எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கையும் வாரம் ஒரு முறை பார்த்தால் திருடன் யாரென்று தெரிந்துவிடும்.

பழகிப்போன தவறுகள்

திறந்த செயலிகளை எல்லாம் தள்ளித் தள்ளி மூடினால் சார்ஜ் மிச்சமாகும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். பழைய பாத்திரத்தைக் கழுவி வைத்த திருப்தி அதில் கிடைக்கிறது போலும்! ஆனால் மூடிய செயலியை மறுபடி முதலிலிருந்து திறக்க அதிகச் சக்தி செலவாகும். பின்னணியில் இருக்கும் செயலியைப் போனே உறங்க வைத்துவிடுகிறது. ஆண்ட்ராய்டில் 2015இல் வந்த 6.0 பதிப்பிலேயே போன் சும்மா கிடக்கும்போது எல்லாவற்றையும் உறங்க வைக்கும் 'டோஸ்' வசதி வந்துவிட்டது. ஐபோனிலும் செயலிகளை இப்படி மூடுவதால் பயன் இல்லை என்று ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி 2016இல் சொல்லிவிட்டார். கெட்டுப்போய் அடம்பிடிக்கும் செயலியை மூடலாம். மற்றவற்றை அதன் போக்கில் விட்டுவிடுவதே நல்லது.

இன்னொரு தவறு சற்று ஆபத்தானது. 'சார்ஜ் முழுவதும் தீர்ந்த பிறகுதான் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி கெட்டுவிடும்' என்பது அது. நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பாடம் இது. அந்த வகையில் பாதியில் சார்ஜ் ஏற்றினால் கொள்ளளவு குறைந்தது போல் நடந்துகொள்ளும் பழக்கம் உண்டு. இன்றைய போன்களில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991இல் சோனி நிறுவனம் அதை முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியதற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்தப் பேட்டரிக்கு அந்தப் பழைய நோய் கிடையாது. சொல்லப்போனால் அடியோடு தீர்வதும், நூறு சதவீதத்தில் மணிக்கணக்கில் நிற்பதும்தான் அதற்குப் பிடிக்காது. அதைவிடப் பிடிக்காதது வெப்பம். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் ஏற்றுவது பேட்டரியின் ஆயுளை நாமே வெட்டுவதற்குச் சமம்.

சாதாரண நாளில் 20க்கும் 80க்கும் இடையே வைத்திருந்தால் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும். ஆனால் புயல் எச்சரிக்கை வந்த நாள் சாதாரண நாள் அல்ல. அன்றைக்கு ஆயுளைப் பற்றி யோசிக்காமல் நூறு வரை ஏற்றிவிட வேண்டும். 'இன்னும் 40 சதவீதம் இருக்கிறதே, தீரட்டும்' என்று காத்திருப்பவருக்கு இரவு கரண்ட் போனால் மிஞ்சுவது அந்த நாற்பதும் இல்லை. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது மின்சாரத்துக்கும் பொருந்தும்.

கரண்ட் போன பிறகு

வேதாரண்யம் பக்கத்தில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அப்பாவிடம் பழைய பட்டன் போன். அம்மாவிடம் ஸ்மார்ட்போன். மகள் சென்னையில் படிக்கிறாள். இரவு கரண்ட் போகிறது. அம்மாவின் போனில் டார்ச் எரிகிறது. இடையிடையே வாட்ஸ்அப்பில் வரும் புயல் வீடியோக்களைப் பார்க்கிறார்கள். நள்ளிரவில் கோபுரம் செயலிழக்கிறது. அது தெரியாமல் போன் விடிய விடியச் சிக்னலைத் தேடுகிறது. மறுநாள் மாலை எங்கோ ஒரு கோபுரம் உயிர் பெறும்போது, பேச ஆள் இருக்கிறது, போனில் உயிர் இல்லை.

இதே வீடு வேறு மாதிரி நடந்திருக்கலாம். வெளிச்சத்துக்கு அரிக்கேன் விளக்கோ மெழுகுவர்த்தியோ இருந்திருக்கலாம். சிக்னல் போனவுடன் ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, மணிக்கு ஒரு தரம் மட்டும் எடுத்துப் பார்த்திருக்கலாம். இரண்டு போனையும் சேர்த்து வைத்துக்கொண்டிருக்காமல் ஒன்றை அணைத்து வைத்திருக்கலாம். பட்டன் போனின் சிறிய பேட்டரி பல நாள் தாங்கும். அதைக் கிழவன் போன் என்று கேலி செய்கிற வீடுகளில் அன்று அதுதான் வீட்டைக் காக்கும். நீண்ட பேச்சுக்குப் பதில் ஒரு குறுஞ்செய்தி போதும். நெரிசலான நேரத்தில் பேச்சு போகாவிட்டாலும் குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்பு அதிகம். காலை ஏழு மணி, மாலை ஏழு மணி என்று மகளோடு முன்கூட்டியே பேசி வைத்துவிட்டால், மற்ற நேரத்தில் போன் உறங்கலாம், மகளும் பதறாமல் இருக்கலாம்.

பவர் பேங்க் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால் 5000 பேட்டரியை இரண்டு முறை நிரப்பும் என்று நினைக்கக்கூடாது. உள்ளே இருக்கும் 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்தித் தரவேண்டியிருப்பதாலும், வழியில் ஆகும் விரயத்தாலும், கைக்கு வந்து சேர்வது சுமார் அறுபது அறுபத்தைந்து சதவீதம்தான். ஆபத்து நேர எண்களான மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077 இரண்டையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைப்பது நல்லது. தாளுக்குச் சார்ஜ் தேவையில்லை!

இவை எதற்கும் காசு செலவில்லை. வெளிச்சத்தைக் குறைக்க, தேவையில்லாததை அணைக்க, நேரத்தோடு சார்ஜ் ஏற்ற ஒரு பழக்கம் மட்டும் போதும். அந்தப் பழக்கம் புயலடிக்கும் இரவில் திடீரென்று வந்துவிடாது. ஒன்றுமில்லாத சாதாரண நாட்களில்தான் வரும்.

அப்படிப் பழகிய வீட்டில் இரண்டாம் நாள் மாலை ஏழு மணிக்குப் போன் உயிர் பெறும். சென்னையில் மகளின் கையில் மணி அடிக்கும். "கூரை போச்சு, மரமெல்லாம் போச்சும்மா. நாங்க நல்லா இருக்கோம். சார்ஜ் இல்ல, வச்சிடறேன்." பேசியது அரை நிமிடம்கூட இருக்காது. அன்றிரவு அவள் தூங்குவாள்.