பெரியம்மா பொறுக்கி எடுத்த இடம்

"முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்களாம்" என்று காதில் விழுந்தால் போதும், 'ஐயோ பாவம்' என்று உச்சுக் கொட்டுவோம். கூடவே, 'அந்த வீட்டுப் பொம்பளைங்க எப்படிப்பட்டவங்களோ' என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வோம். இந்தப் பேச்சுக்குப் பயந்தே எத்தனையோ வீடுகளில் முடிவு எடுக்காமல் நாளைக் கடத்துகிறார்கள். எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இதே தவிப்பில் இருக்கும் சகோதரிகள் யாருக்காவது பயன்படட்டும்.

என் பெரியம்மாவுக்குப் போடிநாயக்கனூர். வயது எழுபத்தெட்டு. குழந்தைகள் இல்லை. இளவயதில் போடிமெட்டு ஏறி, பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவர். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். காயோ தூரில்தான், தரையோடு தரையாகச் சரம் சரமாகக் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும் எடுக்க வேண்டும். மழைக் காலத்தில் அட்டைக் கடி வேறு. "முட்டி அப்பவே போயிருச்சு தாயி" என்பார். பெரியப்பா இறந்த பிறகு ஊரோடு வந்து, ஏல வியாபாரிகளின் கிடங்கில் காய் பொறுக்கும் வேலைக்குப் போனார். எட்டு மில்லி சல்லடையில் காய் நிற்குமா விழுமா என்று பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடுவார். அந்த வருமானத்தில்தான் இரண்டு அறை ஓட்டு வீடு ஒன்றைச் சொந்தமாக்கிக்கொண்டார்.

போன ஐப்பசி மழையில் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து, விடியும்வரை எழுந்திருக்க முடியாமல் நனைந்தபடியே கிடந்திருக்கிறார். காலையில் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துத்தான் தெரிந்தது. கானாவிலக்கு அரசு ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு இல்லை என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. ஆனால் இனிமேல் தனியாக விட முடியாது.

நான் மதுரையில் மாடி வீட்டில் குடியிருக்கிறேன். மாமியார் மூன்று வருஷமாகப் படுத்த படுக்கை. தம்பி மலைமேல் தோட்டத்து வீட்டில் இருக்கிறான். இராத்திரியில் உடம்புக்கு ஏதாவது என்றால் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பில்தான் இறங்கியாக வேண்டும். பேச்சை முதலில் எடுத்ததே பெரியம்மாதான். "ஏ புள்ள, என்னைய யாரு பார்ப்பாங்கன்னு நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியை மூஞ்சியைப் பார்க்க வேணாம். நல்ல இடமா பாருங்க. நானும் வந்து பார்ப்பேன்."

பார்க்க வந்தவர் சும்மா வரவில்லை. நாங்கள் கட்டணத்தையும் கட்டிலையும் விசாரித்துக்கொண்டிருக்க, அவர் நேரே கக்கூசுக்குப் போனார். கட்டிலிலிருந்து எத்தனை அடி, தரை வழுக்குமா, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, இராத்திரி விளக்கு எரியுமா என்று பார்த்தார். அடுத்து அடுப்படி. அதற்குப் பிறகு அங்கிருந்த கிழவியிடம் மெதுவாக, "ராத்திரி கூப்பிட்டா யாராவது வருவாகளா?" இந்த ஒரு கேள்வி போதும், அந்த இடத்தின் தராதரம் தெரிந்துவிடும்.

நீங்கள் போனால் இன்னொன்றும் கட்டாயம் கேளுங்கள். நடமாட்டம் இருக்கும்வரை வைத்துக்கொண்டு, படுக்கையில் விழுந்ததும் 'அழைத்துப் போங்கள்' என்று சொல்லும் இல்லங்கள் உண்டு. அப்போது என்ன செய்வார்கள், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

ஓர் இடத்தில், வீட்டை எழுதிக் கொடுத்தால் மாதக் கட்டணமே வேண்டாம் என்றார்கள். பெரியம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அந்த வீட்டைத் தம்பி பேருக்கு எழுதிவிடலாமா என்று பிறகு யோசித்தார். விசாரித்தபோதுதான் 2007ஆம் ஆண்டுச் சட்டம் பற்றி விவரம் தெரிந்தது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் என்று பெயர். பிள்ளையில்லாத பெரியவர்கள்கூட, தங்கள் சொத்தை அனுபவிக்கிற அல்லது பின்னால் அடையப்போகிற உறவினரிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். அறுபது வயது ஆகியிருந்தால் போதும். 'என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காவிட்டால், தீர்ப்பாயத்தில் மனுப்போட்டு அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய 23ஆம் பிரிவு வழி தருகிறது. ஆனால் அந்த நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால்தான் பலம். வாய்ப்பேச்சை நம்பக் கூடாது. கடைசியில் பெரியம்மா யாருக்கும் எழுதவில்லை. "நான் கண்ணை மூடுற வரைக்கும் அது என் வீடுதான்" என்றுவிட்டார். சரியான முடிவு என்றுதான் எனக்கும் பட்டது. (முதியோருக்கு உதவி, விவரம் எதுவானாலும் 14567 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.)

இடம் எது என்பதில் எங்களுக்குள் சின்ன மனத்தாங்கல். மதுரையில் சேர்த்தால் நான் தினமும் போய்ப் பார்க்கலாம். பெரியம்மாவோ தேனிப் பக்கத்தில்தான் என்று ஒற்றைக் காலில் நின்றார். "உனக்கு நூறு சோலி. போடியில இருந்து கூட வேலை பார்த்தவளுக பஸ் ஏறி வருவாளுக. மலையும் தெரியும்." அவர் சொன்னபடியே ஆயிற்று. எனக்கும் இப்போது சிரமமில்லை. 2010 கடைசியில் நின்றுபோன போடி ரயில், அகலப் பாதையாகி 2023 ஜூனில் திரும்ப வந்துவிட்டது. மதுரையில் ஏறினால் தேனியில் இறங்கிக்கொள்ளலாம்.

சேர்த்த அன்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: 'காலமானால் யாருக்குத் தகவல் தர வேண்டும்? காரியம் செய்பவர் யார்?' என் கை ஓடவில்லை. பெரியம்மா எட்டிப் பார்த்து, "உன் தம்பி பேரைப் போடு. போன் நம்பரைச் சரியா எழுது" என்றார்.

முதல் இரண்டு வாரம் கஷ்டந்தான். நடுராத்திரி எழுந்து கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளைத் தேடினாராம். வயதானவர்களுக்குப் புது இடத்தில் இப்படித் தடுமாற்றம் வருவது சகஜம். 'பதினைந்து நாள் வராதீர்கள், பழகட்டும்' என்று சிலர் யோசனை சொன்னார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. மூன்றாம் நாளே போனேன். அவருடைய தட்டு, டம்ளர், பழைய போர்வை, பெரியப்பா படம் எல்லாவற்றையும் கட்டிலருகே வைத்துவிட்டு வந்தேன். மருந்துகளைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். தேனி அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் புரை நீக்கிய பிறகு நடையில் பயம் குறைந்தது. ரசத்தில் உப்பு இல்லை என்ற புகார் மட்டும் இன்றுவரை தீரவில்லை.

போடி வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். வாடகை பெரியம்மா கணக்கில் ஏறும்; அதிலிருந்து இல்லத்துக்குக் கட்டிவிட்டு, குறைவதை நானும் தம்பியும் பாதிப் பாதி போட்டுக்கொள்கிறோம். போன தடவை பாயசத்துக்கென்று நூறு கிராம் ஏலக்காய் வாங்கிப் போனேன். உள்ளங்கையில் கொட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏழு மில்லிகூட இல்லையே! எவ்வளவு குடுத்த?"