இரண்டு இருப்புப் பாதைகளும் மூன்று பேனாக்களும்

சென்னை மூர் மார்க்கெட் வளாகத்துப் புறநகர் ரயில் நிலையத்தில் நிற்பவரின் செவியில் இரண்டு அறிவிப்புகள் மாறி மாறி விழுந்துகொண்டே இருக்கும். ஒன்று அரக்கோணம் மார்க்கம். மற்றொன்று கும்மிடிப்பூண்டி மார்க்கம். இரு வண்டிகளும் பேசின் பாலம் வரை ஒரே வழியில் சென்று அங்கே பிரிகின்றன. மேற்கே திரும்புவது பெரம்பூர், அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் வழியாகத் திருவள்ளூரை அடைகிறது. வடக்கே திரும்புவது கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குச் செல்கிறது. தனித்தனியே பிரிந்த பாதைகளாயினும் இரண்டும் சென்று சேர்வது ஒரே மாவட்டத்திற்குள்தான். இரண்டு முனைகளுமே சென்னையிலிருந்து 40 கிலோ மீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் உள்ளன. ஒரே நாளில் இவ்விரு முனைகளையும் காணும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிட்டியது. அதற்குக் காரணம் மூன்று பேனாக்கள்.

அவை மர்ஹூம் என் மாமாவுடையவை. பழவேற்காட்டைப் பூர்வீகமாகக் கொண்ட அவர் நெடுங்காலம் சபரில் இருந்தவர். இன்று மாமி, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பணியாற்றும் மகனுடன் அவ்வூரிலேயே வசித்து வருகிறார். பேத்தியின் மேற்படிப்புச் செலவை எண்ணிப் பழைய பெட்டியைத் திறந்தபோது இம்மூன்றும் கிடைத்தன. ஒன்று பார்க்கர் 51. மற்றொன்று உச்சியில் வெண்ணிற விண்மீன் பதித்த கரிய பேனா; மான்ட் பிளாங்க் என்று அதில் பொறிக்கப்பட்டிருந்தது. மூன்றாவது பெயரேதும் இல்லாத தடித்த கறுப்புப் பேனா. விண்மீன் பேனாவைக் கண்ட ஒருவர், "இது இலட்ச ரூபாய்ச் சரக்கு" என்று சொல்லிச் சென்றுவிட்டார். அச்சொல் அந்த வீட்டின் உறக்கத்தைக் கெடுத்துவிட்டது.

நம் இல்லங்களில் இத்தகைய பேனாக்கள் இருப்பது வியப்பன்று. மலேயா, சிங்கப்பூர், பின்னர் வளைகுடா என்று சென்ற சபராளிகளின் பெட்டியில் அத்தருக்கும் கைலிக்கும் இடையே ஒரு பேனாவும் தவறாமல் இருக்கும். ஷாங்காய் நகரத்து ஹீரோ பேனாவை அறியாத நம்மவர் வீடு ஒரு காலத்தில் இருந்ததா என்பதே ஐயம். சபர் செல்லாதவர்க்குச் சென்னைக் கடற்கரைச் சாலையில் பர்மா பஜார் இருந்தது. அங்கே அசலும் போலியும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் அடுத்தடுத்து அமர்ந்திருந்தன. வாங்குபவர் விலையைக் கேட்டார், பெயரைப் படித்தார், சட்டைப் பையில் செருகிக்கொண்டார். சோதித்தவர் சிலரே.

பேனாவைச் சோதிக்கத் திருவள்ளூர் எதற்கு என்று வாசகர்கள் வினவலாம். வீரராகவப் பெருமாள் கோயிலாலும் பக்கத்துப் பூண்டி நீர்த்தேக்கத்தாலும் அறியப்பட்ட அவ்வூருக்கு உலகப் பேனாப் பிரியர்களிடையே வேறொரு புகழும் உண்டு. பாண்டுரங்கன் என்பவர் தொடங்கிய ரங்கா பேனா நிறுவனம் இவ்வூரினதே. எபொனைட் தண்டைக் கடைசல் பிடித்துக் கையால் செய்யும் அவர்களுடைய பேனாக்கள் கடல் கடந்து சேகரிப்பாளர்களைச் சென்றடைகின்றன. ஆந்திரத்து ராஜமுந்திரியில் ரத்தினம் பேனா, சென்னைப் பாரிமுனை அருகே ஜெம் அன் கோ கடையாரின் காமா பேனா என்று இத்தொழிலுக்குத் தென்னாட்டில் ஒரு பரம்பரையே உண்டு. ஆகவே பேனாவின் உள்ளுறுப்புகளை அறிந்த கைகள் இப்பகுதியில் இருக்கின்றன. கடைசல் தொழிலில் முதிர்ந்த பெரியவர் ஒருவரை நண்பர் மூலம் அறிந்து, அவரிடம்தான் சென்றேன்.

எபொனைட் என்பது ரப்பருடன் கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்து நெடுநேரம் வேகவைத்துக் கடினமாக்கிய பொருள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் உருவானது. தண்டாக வரும் அதனை அளவாக அறுத்து, நடுவே துளையிட்டு, லேத்தில் சுழலவிட்டு உளியால் வடிவம் கொடுக்கிறார்கள். பின்பு மூடிக்கும் கழுத்துக்கும் மரை வெட்டுகிறார்கள். உப்புத்தாளால் பலமுறை தேய்த்து மெருகேற்றினால் கரிய உடம்பில் முகம் தெரிகிறது. முள்ளுக்கு அடியில் மையைக் கடத்தும் நாக்கைக்கூட எபொனைட்டில் செதுக்குவார்கள். மை அதில் நன்றாக ஒட்டி நடக்கும். கையால் செய்வதால் ஒன்றுக்கொன்று மயிரிழை வேறுபாடு இருக்கும். ஒன்றின் மூடி மற்றொன்றுக்குச் சில சமயம் பொருந்தாது.

பெரியவர் விண்மீன் பேனாவை வாங்கினார். நான் பெயரைச் சுட்டிக்காட்டினேன். "பாய், பெயரைக் கடைசியில் படியுங்கள். முதலில் மரையைப் பாருங்கள்" என்றார். மூடியைக் கழற்றி உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தார். மரையின் விளிம்புகள் மழுங்கியிருந்தன. உடலின் நெடுக ஒரு மெல்லிய கோடு. அச்சின் இரு பாதிகள் சேர்ந்த தடம் அது. உயர்ந்த நிறுவனத்துப் பேனாவும் அச்சில் வார்க்கப்படுவதே. ஆனால் அத்தடம் தெரியாதபடி மெருகிட்ட பின்னரே வெளியே வரும். அடுத்துக் கையில் நிறுத்துப் பார்த்தார். கனமாக இருந்தால் அசல் என்பது நம்மிடையே பரவலான எண்ணம். உண்மையோ பெரும்பாலும் மறுதலை. அந்நிறுவனத்தின் பெரிய பேனாவான 149, பிசின் உடம்பால் ஆனது. எடை 30 கிராம் அளவே. மலிவான போலிகளின் உள்ளேதான் பித்தளைக் குழாயைச் செருகிக் கனம் கூட்டுகிறார்கள்.

விண்மீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1906இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் தோன்றிய நிறுவனம் அது. மான்ட் பிளாங்க் சிகரத்தின் பனிமுடியே ஆறு மழுங்கிய முனைகள் கொண்ட அந்த வெண்குறி. சிகரத்தின் உயரமாகக் கொள்ளப்பட்ட 4810 மீட்டரே முள்ளில் எண்ணாகப் பொறிக்கப்படுகிறது. அசலில் விண்மீன் உடலுக்குள் பதிந்து மட்டமாக இருக்கும். போலிகள் பலவற்றில் ஒட்டுவில்லைபோல் மேலெழும்பும், அல்லது முனைகள் கூர்மையாகிவிடும். கிளிப்பின் வளையத்தில் தனி எண் பொறிக்கும் வழக்கம் 1990களின் தொடக்கத்தில் வந்தது. எனவே அதற்கு முந்திய பேனாவில் எண் இல்லாமை குற்றமாகாது. எண் இருப்பதும் சான்றாகாது. ஒரே எண்ணை நூற்றுக்கணக்கான போலிகளில் பொறித்துத் தள்ளுகிறார்கள். 146, 149 என்னும் வகைகளில் மை இழுப்பது பின்புறக் குமிழைத் திருகும் பிஸ்டனால். அவ்வுருவத்தில் இருந்துகொண்டு உள்ளே கழற்றி மாற்றும் மைக்குழாய் இருந்தால் ஐயத்திற்கு இடமேயில்லை. அதே நிறுவனத்தின் சிறிய வகைகள் சிலவற்றில் மைக்குழாய் உண்டு என்பதையும் மறக்கலாகாது.

மாமாவின் பேனா 149 உருவத்தில் இருந்தது. உள்ளே மைக்குழாய் இருந்தது. முள்ளருகே காந்தத்தைக் கொண்டு சென்றபோது அது துள்ளி ஒட்டிக்கொண்டது. தங்கத்தைக் காந்தம் இழுக்காது. (இழுக்காதவை எல்லாம் தங்கம் என்று கொள்ளவும் கூடாது, எஃகிலேயே இழுபடாத வகைகள் உண்டு.) 585, 750 என்னும் எண்கள் ஆயிரத்தில் அத்தனை பங்கு தங்கம் எனக் குறிப்பவை. அவ்வெண்ணைப் பொறிக்க ஓர் அச்சு போதுமே! நகைக்கடையின் ஊடுகதிர்க் கருவியில் வைத்தாலும் அது மேற்பரப்பையே படிக்கும். தடித்த முலாம் அதனையும் ஏமாற்றிவிடக்கூடும்.

பார்க்கர் 51இன் கதை வேறு. 1941இல் விற்பனைக்கு வந்த அப்பேனாவின் முள் மூக்குக்குள் ஒளிந்து நுனி மட்டும் வெளித்தெரியும். ஹீரோ உள்ளிட்ட பல பேனாக்கள் அவ்வடிவத்தைப் பின்பற்றியவையே. பழைய 51இன் மூடியை இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். 2021இல் அந்நிறுவனம் மீண்டும் வெளியிட்ட புதிய 51இன் மூடியோ திருகு மரை கொண்டது. மரையைக் கண்டு புதியதைப் போலி என்றோ, இழுப்பு மூடியைக் கண்டு எல்லாவற்றையும் பழைய அசல் என்றோ முடிவு கட்டலாகாது. பெரியவர் பின்பகுதியைக் கழற்றினார். 1948 முதல் வந்த வகைக்குரிய உலோக உறையும், அழுத்தி மை நிரப்பும் பட்டையும், அதன்மேல் நிரப்பும் முறைக் குறிப்பும் தெளிவாக இருந்தன. உடலின் எழுத்துப் பொறிப்பு தேய்ந்திருந்தாலும் படிக்க முடிந்தது. "யாரும் மெருகு போட்டுத் தேய்க்காதது உங்கள் அதிர்ஷ்டம்; எழுத்துப் போனால் விலையும் போய்விடும்" என்றார். ஆனால் அதன் மதிப்பு சில ஆயிரங்களே, இலட்சமன்று என்பதையும் மறைக்கவில்லை.

பெயரில்லாப் பேனாவைக் கையிலெடுத்தவர் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தார். என்னிடமும் நீட்டினார். மெல்லிய கந்தக வாடை. எபொனைட்தான். வெளிச்சம் பட்ட பக்கம் சற்றே பழுப்பேறியிருந்தது. அப்பொருளின் இயல்பு அது. வெந்நீரில் கழுவினால் இன்னும் வெளுத்துவிடும் என்று எச்சரித்தார். எங்கோ தென்னாட்டுக் கடைசலில் பிறந்தது என்பதற்கு மேல் அவரும் ஒன்றும் சொல்லவில்லை. சந்தையில் விலை போகாது. ஆனால் மரை இன்றும் இறுக்கமாகப் பிடிக்கிறது.

விலையைப் பற்றிப் பேசும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. 2009இல் அந்த ஜெர்மானிய நிறுவனம் காந்தியடிகள் பெயரில் தங்கப் பேனா வெளியிட்டது. தண்டி யாத்திரையின் 241 மைல்களைக் குறிக்க 241 பேனாக்கள்; ஒவ்வொன்றும் பதினொரு இலட்சம் ரூபாய்க்கு மேல். எதிர்ப்பு எழுந்து கேரள உயர்நீதிமன்றம் வரை வழக்குச் சென்றதும், 2010இல் விற்பனையை நிறுத்திக்கொண்டார்கள். அசல் என்பதில் அப்பேனாவுக்கு எக்குறையும் இல்லை. காந்தியடிகளோ 1935இல் ராஜமுந்திரி ரத்தினம் பேனாவைப் பாராட்டிக் கடிதம் எழுதியவர்.

பிற்பகல் வண்டியில் பேசின் பாலம் திரும்பி வடக்குப் பாதையில் ஏறினேன். பொன்னேரியைத் தாண்டும்போது கிழக்கே பழவேற்காடு நினைவில் எழுந்தது. பளையகாட் கைலிக்கும், மலாய் மக்களின் காயின் பெலிகாட்டுக்கும் பெயர் தந்த ஊர் அது. கைலி வாங்கும் நம் பெரியவர்கள் சீட்டில் அச்சிட்ட படத்தைப் பார்ப்பதில்லை. கரையைப் புரட்டி, நூலை இழுத்துப் பார்ப்பார்கள். அதே கைகள் பேனாவை மட்டும் பெயர் பார்த்து வாங்கியது ஏனோ!

கும்மிடிப்பூண்டியில் காட்சியே மாறிவிடுகிறது. பழைய இரும்பு ஏற்றிய லாரிகள், உருக்காலைகள், கம்பி உருட்டும் ஆலைகள். மாமியின் மகன் அவற்றுள் ஒன்றில்தான் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறார். உலையில் உருகிய இரும்பை வார்க்குமுன் ஒரு கரண்டி அள்ளி உறையவைத்து, நிறமாலைக் கருவியில் வைத்துக் கரி எவ்வளவு, மாங்கனீசு எவ்வளவு என்று கண்ட பின்னரே அடுத்த வேலை நடக்கும் என்றார். வந்த இரும்பு எந்த நாட்டுக் கப்பலுடையது என்று எவரும் கேட்பதில்லையாம்.

நான் செய்தியைச் சொன்னதும் மாமி சற்று நேரம் பேசவில்லை. இலட்சம் என்ற சொல்லைச் சுற்றி அவ்வீட்டில் ஒரு கல்லூரியே எழும்பியிருந்தது. இதனிடையே, பேனாவின் குணம் எதுவாயினும் கேள்வி கேளாமல் எட்டாயிரம் தருவதாக ஒருவர் தகவல் அனுப்பியிருந்தார். போலி வணிகக்குறி இட்ட பொருளை அறிந்தே விற்றால் 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு என்று நான் சொன்னேன். மாமி அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "எட்டாயிரத்துக்கு வாங்குகிறவர் இதை எத்தனைக்கு, எந்த வீட்டில் விற்பார்?" என்று மட்டும் கேட்டார். எவரும் விடை கூறவில்லை.

பார்க்கரைப் பாரிமுனையில் முறையாக மதிப்பிட்டு விற்பதென்று முடிவாயிற்று. பெயரில்லாப் பேனா மாமியின் மேசைக்குச் சென்றது. மகன் சிறிய அரம் ஒன்றை எடுத்துவந்து, மூன்றாவதன் உச்சியிலிருந்த விண்மீனைத் தேய்த்து அகற்றினார். பொறித்திருந்த பெயரையும் அழித்துவிட்டு அதனை மகளின் புத்தகப் பையில் வைத்தார். எழுதத் தடையில்லை, மை மட்டும் சற்றுக் கசிகிறது.